எலியா, ஃபேஜா, மனித ரத்தமா? டி செல் ஏற்பிக்கு ஆன்டிபாடி எடுக்க வழி தேடும்போது

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கேட்டான்: "அக்கா, ஹைப்ரிடோமா எல்லாம் பழசு இல்லையா? முழு மனித ஆன்டிபாடின்னு சொன்னாத்தான் முதலீடு போடறவங்க திரும்பியே பார்க்கறாங்க. நேரா ஃபேஜுக்குப் போயிடலாமே?"

நியாயமான கேள்வி. டி செல்லின் (நோய் எதிர்க்கும் வெள்ளை ரத்த அணுவின்) மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு தடுப்பு ஏற்பியைக் கையில் எடுக்கும் எந்தச் சிறு குழுவும் முதல் கூட்டத்திலேயே இங்கேதான் வந்து நிற்கும். சாதாரண எலியில் ஹைப்ரிடோமா வழியாக எடுத்து மனிதமயமாக்குவதா (மனிதப் புரதம் போல மாற்றுவதா), மனித மரபணு ஏற்றிய எலிக்குப் பணம் கட்டுவதா, விலங்கே வேண்டாம் என்று ஃபேஜ் என்ற வைரஸ்களின் லைப்ரரியில் துழாவுவதா, நோயாளியின் ரத்தத்திலேயே தேடுவதா? (அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் இந்தப் புரதத்தைப் பாடநூல் எதிர்ப்பொருள் என்கிறது. ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆன்டிபாடி என்றே எழுதுகிறேன்.)

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆன்டிபாடிக்கு மூலம் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவதாக. அது போய் ஒட்டிய பிறகு அந்தச் செல் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா, தூண்டப்பட வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. நான் இப்படிப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் சந்தையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஜோடி மருந்துகள்.

முதல் ஜோடி பிடி-1 ஏற்பிக்கானது. 1992-ல் கியோட்டோவில் தாசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டெடுத்த ஏற்பி. டி செல்லின் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிரேக்கை மறிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள் 2014-ல் சில மாத இடைவெளியில் வந்தன. நிவோலுமாப், மெடாரெக்ஸ் நிறுவனத்தின் மனித மரபணு ஏற்றிய எலியில் பிறந்தது. ஜூலையில் ஜப்பானும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. பெம்ப்ரோலிசுமாப் சாதாரண எலியில் பிறந்தது. நெதர்லாந்தின் ஓஸ் நகரில் இருந்த ஆர்கனான் ஆய்வகம் எடுத்தது. மனிதமயமாக்கும் வேலை லண்டனில் நடந்தது. செப்டம்பரில் அமெரிக்க அனுமதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்கனான் குழு முதலில் தேடியது பிரேக்கை அழுத்தும் ஆன்டிபாடியை, தன்னுடல் தாக்கு நோய்களுக்காக. கையில் சிக்கியதோ பிரேக்கை மறிக்கும் ஒன்று. அதன் பிறகு நிறுவனம் இரண்டு முறை கைமாறி, இந்தத் திட்டம் வெளியாருக்குக் கொடுத்துவிடலாம் என்ற பட்டியலில் தூசி படிந்து கிடந்தது. போட்டியாளரின் புற்றுநோய் முடிவுகள் 2010-ல் வெளிவந்த பிறகுதான் அவசர அவசரமாக வெளியே எடுத்தார்கள்.

ஒன்று ‘முழு மனித’, இன்னொன்று ‘மனிதமயமாக்கிய’. நோயாளியின் படுக்கையருகே அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டைப் பார்த்தால், மருந்துக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடி உண்டாக்கியவர்கள் நிவோலுமாப் எடுத்தோரில் சுமார் 11 சதவீதம், பெம்ப்ரோலிசுமாப் எடுத்தோரில் சுமார் 2 சதவீதம். அளந்த முறைகள் வேறு வேறு, ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஆனாலும் ‘முழு மனிதம் என்றால் உடல் எதிர்க்காது’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். இரண்டு மருந்துகளும் எதில் ஒன்றுபடுகின்றன? வாலில், அதாவது ஆன்டிபாடியின் கீழ்ப்பகுதியில். இரண்டுமே ஐஜிஜி4 என்ற வகை.

இரண்டாவது ஜோடி டி செல்லின் இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4 ஏற்பிக்கானது. இபிலிமுமாப், ட்ரெமெலிமுமாப் இரண்டும் மனித மரபணு ஏற்றிய எலிகளில் பிறந்தவை. இபிலிமுமாப் மெடாரெக்ஸ் எலியில், ட்ரெமெலிமுமாப் அப்ஜெனிக்ஸின் ஜெனோமௌஸில். இரண்டு எலிகளைப் பற்றிய முதல் ஆய்வுகளும் 1994-ல் வந்தவை. ஆக, மூலம் ஒரே மாதிரி. இபிலிமுமாப்பின் வால் ஐஜிஜி1, ட்ரெமெலிமுமாப்பின் வால் ஐஜிஜி2. இபிலிமுமாப் 2011 மார்ச்சில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ட்ரெமெலிமுமாப் அதே மெலனோமாவில் மூன்றாம் கட்டத்தில் தோற்று, கல்லீரல் புற்றுநோய்க்கு இன்னொரு மருந்தின் துணையோடு 2022-ல்தான் கரை சேர்ந்தது. வால் மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இபிலிமுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ட்ரெமெலிமுமாப் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை என்று கொடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் சிலர் பின்னால் இபிலிமுமாப் எடுத்துக்கொண்டார்கள். இருந்தும் மூலம் வேறாக இருந்த ஜோடி ஒரே வழியில் போனது, மூலம் ஒன்றாக இருந்த ஜோடி பிரிந்து போனது என்பதை நான் மறப்பதில்லை.

வாலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆன்டிபாடி ஒய் வடிவம். மேலே இருக்கும் இரண்டு கைகள் ஏற்பியைப் பிடிக்கும். கீழே இருக்கும் வாலை, கொல்லும் செல்கள் பிடித்துக்கொள்ளும். ஐஜிஜி1 வால் அவற்றை வா வா என்று அழைக்கும். பி செல் புற்றுநோயில் வரும் சிடி20 புரதம் போல, ஏந்தியிருக்கும் செல்லையே அழிக்க வேண்டிய இடத்தில் அது வரம். பிடி-1 கதை வேறு: அந்த ஏற்பியை ஏந்தியிருப்பது நாம் காப்பாற்ற நினைக்கும் டி செல்லேதான். அங்கே ஐஜிஜி1 வாலைப் போட்டால் பூட்டைத் திறக்கப் போய் வீட்டுக்குத் தீ வைத்த கதை ஆகிவிடும். அதனால் அமைதியான ஐஜிஜி4. ஆனால் ஐஜிஜி4-க்கு ஒரு கெட்ட பழக்கம்: ரத்தத்துக்குள் போனதும் இரண்டாகப் பிரிந்து, வழியில் பார்க்கும் வேறொரு ஐஜிஜி4-ன் பாதியோடு ஜோடி சேர்ந்துகொள்ளும். கீல் பகுதியில் 228-ஆம் இடத்திலிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுப் புரோலினை வைத்தால் அடங்கிவிடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், பின்னால் 2018-ல் வந்த செமிப்லிமாப் மூன்றிலும் இந்த ஒற்றை மாற்றம் இருக்கிறது. சிடிஎல்ஏ-4 விஷயத்தில், கட்டிக்குள் இருக்கும் ஒழுங்குபடுத்தும் (மற்ற டி செல்களை அடக்கும்) டி செல்களை ஐஜிஜி1 வால் குறைக்கிறது என்று எலிகளில் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். மனிதரிலும் அப்படியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

தூண்டுவதுதான் நோக்கம் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். 2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டி செல்லின் சிடி28 ஏற்பியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறத்தாழப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, வாந்தி, காய்ச்சல். பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போய் உயிர் பிழைத்தார்கள். கொடுத்த அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். குரங்குகள் அதைப்போல 500 மடங்கைத் தாங்கியிருந்தன. குரங்கின் சிடி28-லும் ஆன்டிபாடி நன்றாகவே ஒட்டியது. அந்தச் சோதனையில் தவறில்லை. தவறியது வேறிடம். மனிதரில் புயலைக் கிளப்பிய நினைவு டி செல் வகை, அந்தக் குரங்கில் சிடி28-ஐயே ஏந்துவதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதே மூலக்கூறை வேறு பெயரில் ரஷ்யாவில் மறுபடி சோதித்தபோது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து தொடங்கினார்கள். அது எலியில் பிறந்து மனிதமயமாக்கப்பட்ட ஆன்டிபாடி. ஃபேஜில் பிறந்திருந்தாலும் அன்றைக்கு நடந்ததுதான் நடந்திருக்கும்.

சரி, செல்லை மறிக்க வேண்டும், கொல்லக் கூடாது, ஐஜிஜி4 வால் என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனி மூலம்.

பழைய வழி நிதானமானது. எலிக்கு ஏற்பியைச் செலுத்தி, மண்ணீரலை எடுத்து, மைலோமா என்ற புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, ஹைப்ரிடோமாவை வளர்ப்பது. 1975-ல் கோலர், மில்ஸ்டைன் காட்டிய வழி. இதில் வந்த முதல் மருந்தான ஓகேடி3 சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக 1986-ல் அனுமதி பெற்றது. அதுவும் டி செல்லின் சிடி3 ஏற்பிக்கானதுதான். முழுக்க எலிப் புரதம் என்பதால் நோயாளிகளின் உடல் அதைச் சீக்கிரமே அடையாளம் கண்டு எதிர்த்தது. அதே 1986-ல் கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர் குழு ஒரு மாற்று காட்டியது. எலி ஆன்டிபாடியில் ஏற்பியைத் தொடும் ஆறு வளையங்களை மட்டும் வெட்டி எடுத்து மனிதச் சட்டகத்தில் பதியம் போடுவது. சொல்லும்போது சுலபம். செய்யும்போது வளையம் சாய்ந்துவிடும், பிடிப்பு பத்தில் ஒன்றாக விழும், சட்டகத்தில் எந்த எலி அமினோ அமிலத்தைத் திரும்ப வைத்தால் நிமிரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழகிய கைகளுக்கு இரண்டு மூன்று மாத வேலை.

இந்த வழிக்கு எதிரான வலுவான சாட்சி போகோசிசுமாப். கொலஸ்ட்ராலுக்கான மனிதமயமாக்கிய ஆன்டிபாடி; டி செல்லுக்குச் சம்பந்தமில்லாதது. எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகி, 2016-ல் நிறுத்தினார்கள். அதே இலக்கைத் தாக்கும் எவோலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் மனித மரபணு ஏற்றிய எலியிலிருந்து வந்தவை. இன்றும் விற்பனையில் இருக்கின்றன. ‘பார்த்தீர்களா’ என்று கிளம்புவதற்கு முன் இன்னொரு எண்: முழு மனித ஆன்டிபாடியான அடாலிமுமாப் எடுத்த மூட்டுவாத நோயாளிகள் 272 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த டச்சு ஆய்வில் 28 சதவீதத்தினருக்கு எதிர் ஆன்டிபாடி வந்தது. பிடிக்கும் வளையம் என்று வந்துவிட்டால் ஒவ்வொருவர் உடலுக்கும் அது புதுமுகம்தான். மூலத்தைப் பெயரிலேயே காட்டிவந்த சுமாப், உமாப் பின்னொட்டு முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் கைவிட்டது. சந்தைப்படுத்துகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதற்காக அழுததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்த வழிக்கு நல்ல உதாரணம் இடோலிசுமாப். டி செல்லின் சிடி6 ஏற்பிக்கான மனிதமயமாக்கிய ஆன்டிபாடி. வேர் ஹவானாவின் மூலக்கூறு எதிர்ப்பியல் மையத்தில், வளர்த்தது பெங்களூரின் பயோகான். 2013-ல் சொரியாசிஸுக்கு இங்கே அனுமதி கிடைத்தது.

மனித மரபணு ஏற்றிய எலியை நான் மரியாதையோடு பார்க்கிறேன். காரணம் ‘மனிதம்’ அல்ல, எலி. உயிருள்ள ஒரு உடல் வாரக்கணக்கில் சலித்து, திருத்தி, மறுபடி சலித்துத் தரும் ஆன்டிபாடி வெறும் பிடிப்பில் மட்டும் சிறந்ததாக இருப்பதில்லை. கரைகிறது, மடிகிறது, கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்கிறது. பழைய எலிகளில் மனித வால் எலியின் உள் சமிக்ஞைகளோடு சரியாகப் பேசாததால் எதிர்வினை சற்று மந்தம். ரீஜெனரானின் வெலாசிஇம்யூன் எலியில் மாறும் பகுதியை (ஏற்பியைப் பிடிக்கும் கைமுனையை) மட்டும் மனிதருடையதாக்கி, வாலை எலியுடையதாகவே விட்டார்கள். மாற்றியது ஏறத்தாழ அறுபது லட்சம் எழுத்து நீள டிஎன்ஏ. ஐஎல்-4 ஏற்பியை மறிக்கும் டூபிலுமாப் அங்கிருந்து வந்து 2017-ல் அனுமதி பெற்றது. நமக்குத் தடை பணம். கையெழுத்துத் தொகை, ஒவ்வொரு கட்டத்திலும் மைல்கல் தொகை, விற்பனையில் ராயல்டி. முதல் தலைமுறை எலிகளின் மூலக் காப்புரிமைகள் முடிந்துபோய், இன்று பல நிறுவனங்கள் இத்தகைய எலியைத் தருகின்றன என்பதால் பேரம் பேச இடமிருக்கிறது. பேசத் தெரிந்தவர் கூட இருந்தால் நல்லது.

எந்த எலியாக இருந்தாலும் ஒரு சங்கடம் பொது. மனித ஏற்பியும் எலி ஏற்பியும் அச்சு அசலாக இருந்தால் எலி அதைத் தன்னுடையது என்று நினைத்து விட்டுவிடும். பிடி-1 ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் ஒத்தது, அதனால் பிரச்சினை இல்லை. தொண்ணூறைத் தாண்டும் ஏற்பி என்றால் அந்த மரபணுவையே நீக்கிய எலி, கோழி, அல்லது ஃபேஜ்.

ஃபேஜுக்கு வருவோம். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். அதன் முனையில் ஆன்டிபாடியின் கைத்துண்டை ஒட்டி, உள்ளே அதற்கான மரபணுவை வைத்துவிடுவார்கள். ஒரு நல்ல லைப்ரரியில் ஆயிரம் கோடி முதல் பத்தாயிரம் கோடி வகைகள் இருக்கும். ஏற்பியைத் தூண்டிலாக வைத்து, ஒட்டியதை எடுத்து, பெருக்கி, மறுபடி தூண்டிலில் போட்டால் மூன்று நான்கு சுற்றில், இரண்டு மூன்று வாரத்தில் கையில் குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆன்டிபாடியைத் தரும் நகல்கள்). அடாலிமுமாப் இப்படி வந்ததுதான். 2018-ல் வேதியியல் நோபலின் பாதி இதற்காக ஜார்ஜ் ஸ்மித்துக்கும் வின்டருக்கும் போனது. அதே ஆண்டு மருத்துவ நோபல் சிடிஎல்ஏ-4, பிடி-1 வேலைகளுக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும். ஒரே ஆண்டில் இரண்டும் மேடையேறினாலும், அந்த ஏற்பிகளின் முதல் மருந்துகள் எதுவும் ஃபேஜிலிருந்து வரவில்லை.

நான் ஃபேஜில் சூடுபட்டவள். முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் நான்காம் சுற்று முடிந்து எலைசா (ஒட்டுகிறதா என்று நிறத்தால் காட்டும் சோதனை) போட்டேன். 96 குழித் தட்டில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாக மாறும். அன்றைக்குப் பாதித் தட்டுக்கு மேல் மாம்பழ மஞ்சள். மதியச் சாப்பாட்டை மறந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் அதே குளோன்களை ஏற்பி ஏந்திய உயிருள்ள செல்லில் விட்டு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓட்டினால், ஆன்டிபாடி போட்ட செல்லின் மேடும் போடாத செல்லின் மேடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நின்றன. பிறகு பார்த்தால், நாங்கள் தூண்டிலாக வைத்த புரதத்தில் ஏற்பியின் வெளிப்பகுதியைத் தாங்குவதற்காக ஓர் ஐஜிஜி வாலை ஒட்டியிருந்தோம். பல குளோன்கள் பிடித்திருந்தது அந்த வாலை. மிச்சம் சில, பிளாஸ்டிக்கில் ஒட்டியதும் உருக்குலைந்த ஏற்பியைப் பிடித்திருந்தன. ஃபேஜைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் கொடுத்தது. எலியின் உடலில் இந்தத் தப்பு நடக்காது என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் ஏற்பி ஏந்திய முழுச் செல்லையே எலிக்குச் செலுத்தலாம். நிவோலுமாப் எடுத்தபோது அதையும் செய்தார்கள்.

ஃபேஜ் குளோனுக்கு அடுத்த பரீட்சை முழு ஐஜிஜி ஆன்டிபாடியாக மாற்றி சிஎச்ஓ என்ற வெள்ளெலிச் செல்லில் வளர்க்கும்போது. பாக்டீரியாவில் சமர்த்தாக இருந்தது இங்கே திரளும், கண்ட புரதத்தோடு ஒட்டும். மருத்துவச் சோதனைக்குப் போன 137 ஆன்டிபாடிகளைப் பன்னிரண்டு சோதனைகளில் ஓட்டிய 2017 ஆய்வொன்றில், ஃபேஜில் பிறந்தவற்றுக்குச் சிவப்புக் கொடிகள் கூடுதலாக விழுந்தன. தோலுக்கடியில் ஊசியாகப் போட மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் அடைக்க வேண்டியிருக்கும். அப்போது பாகு போலக் கெட்டியாகும் ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு விஷயத்தில் ஃபேஜை அடிக்க ஆளில்லை: வழிநடத்தலாம். இந்தச் சுற்றில் மனித ஏற்பி, அடுத்த சுற்றில் எலி ஏற்பி என்று மாற்றி மாற்றித் தூண்டில் போட்டால் இரண்டையும் பிடிக்கும் குளோன் கிடைக்கும். பிடி-1-ஐ அழுத்தும் பிடி-எல்1 புரதத்துக்கான அடிசோலிசுமாப் அப்படி எலியிலும் மனிதரிலும் ஒட்டுவது. மருந்தாகப் போகும் மூலக்கூறையே எலிக் கட்டியில் சோதிக்கலாம். நிவோலுமாப்பும் பெம்ப்ரோலிசுமாப்பும் எலியின் பிடி-1-ஐத் தொடாது. எலிச் சோதனைக்கு வேறொரு ஆன்டிபாடியைப் பதிலாளாக நிறுத்த வேண்டும்.

மனித ரத்தம் கேட்க அழகாக இருக்கும் வழி. 1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் பரவிய எபோலாவில் பிழைத்தவரின் செல்லிலிருந்து அன்சுவிமாப் கிடைத்தது. கொரோனா காலத்தில் குணமானவர் ரத்தத்திலிருந்து பாம்லானிவிமாப் சில மாதங்களில் வந்தது. ஆனால் அவை கிருமிக்கானவை. சொந்த டி செல் ஏற்பியைப் பிடிக்கும் பி செல்லை (ஆன்டிபாடி உண்டாக்கும் செல்லை), அது முதிர்வதற்கு முன்பே உடல் பெரும்பாலும் களையெடுத்துவிடும். விதிவிலக்கு, தன்னுடல் தாக்கு நோயாளிகள்: கிரேவ்ஸ் நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து தைராய்டு ஏற்பியைத் தூண்டும் எம்22 என்ற மனித ஆன்டிபாடியை எடுத்திருக்கிறார்கள். நம் ஏற்பிக்கு அப்படியொரு நோய் தெரியவில்லையென்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

பிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் குளோன் தேர்வு அன்று எல்லோரும் அந்த ஒற்றை எண்ணைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். ரத்தத்தில் சுற்றும் டி செல்லின் ஏற்பி எளிதில் எட்டக்கூடியது. ஓரளவு நல்ல பிடிப்பிலேயே நிரம்பிவிடும். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக் குழு, தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். இதைப் படித்த பிறகு, நானோமோலார் பிடிப்பை ஆயிரம் மடங்கு இறுக்கி பிகோமோலார் ஆக்க ஆறு மாதம் செலவழிப்பதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

எங்கள் ஏற்பி செல்லின் சவ்வை ஒருமுறை மட்டும் கடப்பது, எலியோடு ஒப்புமை பிடி-1 அளவுதான், மறித்தால் போதும். இப்படிப்பட்ட ஏற்பிக்கு, உரிமத்துக்குப் பணம் இருந்தால் மனித மரபணு எலி. இல்லாவிட்டால் சாதாரண எலியும் மனிதமயமாக்கலும். மூன்றாம் இடம்தான் ஃபேஜுக்கு. சவ்வை ஏழு முறை கடக்கும் சிசிஆர்4 போன்ற ஏற்பி என்றால் என் கணக்கு மாறும். அதன் வெளிப்பகுதியைத் தனியாகத் தயாரிப்பதே பெரும்பாடு என்பதால், தூண்டில் கிடைக்கும் வரை வழியைப் பற்றிப் பேசுவதே வீண்.

எங்களிடம் உரிமப் பணம் இல்லை. சாதாரண எலி என்று முடிவாகி, விலங்கு நெறிக் குழுவின் அனுமதியும் வந்துவிட்டது. குளோன்களை முதலில் சலித்தெடுப்பது எலைசாவில் இல்லை, உயிருள்ள செல்லில். அதில் தேறியதை மனித டி செல்லிலும் குரங்கு டி செல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு டி செல் வகையிலும் தனித்தனியாக ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். எத்தனை நிறச் சாயம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுவிட்டு, "இதுக்கு ஃபேஜே தேவலை அக்கா" என்கிறான்.